ஊடும் பாவும் உணர்வோம்!



அறிவைப் பொதிந்து வைத்த ஏட்டிற்குத் தமிழன் இட்ட பெயர் 'நூல்' என்பது. அவ்வறிவை ஓசையில் வடித்துப் பாடியதற்கு இட்ட பெயர் 'பா' என்பது. சொல்லோடு சொல் சேர்த்து யாத்த படைப்பிற்கு இட்ட பெயர் 'பனுவல்' என்பது. இம்மூன்று சொற்களும் நெசவோடு உறவுடையவை. பஞ்சை முறுக்கி நூற்றது நூல். தறியின் நெடுக்கே பரந்து நிற்பது பா. இழை பரந்தால் தறியில் பா, ஓசை பரந்தால் செய்யுளில் பா. நூற்பதற்கு ஆக்கிய பஞ்சும் நூற்ற இழையும் பனுவல். நன்னூல் தந்த பவணந்தியார், சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அவன் வாயை அவள் கையாகவும், அவன் மதியை அவள் கையிலுள்ள கதிராகவும் வைத்து நூல் பிறக்கும் வகையை விளக்குகின்றார்.

இப்பகுதியை யாம் அண்மையில் மேனிலை வகுப்பொன்றில் நடத்தினோம். "கதிர் என்றால் என்ன?" என்று வினவினோம். கதிரவனின் ஒளி என்றான் ஒருவன். நெற்கதிர் என்றாள் ஒருத்தி. நூல் நூற்கும் கருவி என்று எவரும் கூறவில்லை. "பா என்றால் என்ன?" என்றோம். வெண்பா, ஆசிரியப்பா என்று வரிசையாக ஒப்பித்தனர். தறியிலும் பா உண்டு என்பதை அறிந்தவர் இல்லை. கடைசி வரிசையில் ஒரு மாணவன் மட்டும் எழுந்து, "எங்க வீட்ல பாவு இருக்குங்கய்யா" என்றான். அருப்புக்கோட்டையில் தறி நெய்யும் வீட்டுப் பிள்ளை அவன். பாவு எது, ஊடை எது, தார் எது, விழுது எது என்று அவன் விளக்கியபோது அவ்வகுப்பில் அவனே ஆசிரியனாக நின்றான். ஆயினும் தலையைக் குனிந்து கொண்டே கூறினான். பிறர் நகைப்பார்களோ என்னும் அச்சம் அவன் முகத்தில் இருந்தது.

அவன் ஏன் தலை குனிந்தான்? இவ்வொரு வினாவே இத்திங்கள் ஆசிரியவுரைக்குக் கரணியமாயிற்று.

நெசவு தமிழனுக்கு இரவற் கலை அன்று. கீழடி அகழாய்வில் நூல் நூற்கும் கதிரில் பொருத்திய சுடுமண் வட்டுகளும், நெசவில் பயன்பட்டவை எனக் கருதப்படும் எலும்பாலான கூர்முனைக் கருவிகளும் கிடைத்துள்ளன. அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் நடத்திய அகழாய்வில், துணிக்குச் சாயந் தோய்க்கும் தொட்டிகள் எனக் கருதப்படும் கட்டட அமைப்புகள் வெளிப்பட்டன. இழை போன வழி கண்ணுக்குத் தெரியாத, பாம்பின் உரியை ஒத்த ஆடையைப் பொருநராற்றுப்படை பேசுகின்றது. புகார் நகரில் நூலாலும் மயிராலும் பட்டாலும் நெய்த காருகரைச் சிலம்பு பேசுகின்றது. பருத்தி நூற்கும் பெண்டிரைப் புறநானூறு பேசுகின்றது. மதுரையில் துணி விற்றவர் ஒருவர் கழகப் புலவராகவும் விளங்கினார். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்பது அவர் பெயர். திருவள்ளுவர் தறி நெய்தார் என்பது செவிவழிக் கதையே, அதற்குச் சான்றில்லை. ஆயினும் தம் தலையாய புலவரைத் தறியில் அமர்த்திப் பார்க்க வேண்டும் என்று நம் முன்னோர்க்குத் தோன்றியதே, அத்தோற்றத்திற்குப் பொருள் உண்டன்றோ? தறியில் அமர்வதை இழிவாக அவர்கள் எண்ணியிருப்பின் அக்கதை பிறந்திராது.

இத்தகைய கலையை இரண்டு தீங்குகள் சூழ்ந்தன. ஒன்று வெளியிலிருந்து வந்தது. ஆங்கிலர் ஆட்சியில் அவர்தம் ஆலைத்துணி இந்நாட்டுச் சந்தையில் குவிந்தது. கைத்தறி நூற்றாண்டுக் காலம் நலிந்தது. மற்றொன்று உள்ளிருந்தே அரித்தது. அதுதான் சாதி. நெய்பவன் பிள்ளை நெய்ய வேண்டும். பிறன் பிள்ளை அதைத் தொடலாகாது. இக்கட்டு, கலையைச் சிலர் தெருவுக்குள் அடைத்து, அத்தெருவுக்கு வெளியே உள்ளோர்க்கு அதன் இன்பத்தையும், அத்தெருவுக்குள் உள்ளோர்க்கு அதனின்று விலகும் உரிமையையும் ஒருங்கே பறித்தது. 1953-இல் ஆச்சாரியார் கொணர்ந்த கல்வித் திட்டம், பிள்ளைகளுக்கு ஒரு வேளை பள்ளி, மறுவேளை தந்தை தொழில் என்று வகுத்தது. குலக்கல்வி என்று தமிழகம் அதனை எதிர்த்தெழுந்தது. 1954-இல் முதலமைச்சரான காமராசர், இதே விருதுநகர் மண்ணின் மகன், அதனை நீக்கினார்.

அன்று நாம் எதிர்த்தது தறியை அன்று. தறியைப் பிறப்போடு பிணித்த கயிற்றையே எதிர்த்தோம். ஆனால் கயிற்றை அறுத்த கையோடு தறியையும் மறந்தோம். தொழிலை இழிவென்று சொன்னவனின் பார்வையையே நாமும் மேற்கொண்டோம். அம்மாணவன் தலை குனிந்ததன் வேர் இங்கே கிடக்கின்றது.

இதனை எண்ணிய பின்னரே, ஐம்பதைக் கடந்த அகவையில் யாமும் ஒரு தறியில் அமர்ந்து பார்ப்பது என்று துணிந்தோம். கோடை விடுமுறையில் அருப்புக்கோட்டையில் முதிய நெசவாளர் ஒருவர் வீட்டிற்குச் சென்று, துண்டு ஒன்று நெய்யக் கற்றுத் தருமாறு வேண்டினோம். அவர் முதலில் நகைத்தார். பின்னர் இடம் தந்தார்.

குழித்தறியில் அமர்வது நிலத்தோடு அமர்வது. கால் குழிக்குள் இறங்கி மிதிகளைத் தொடும். ஒரு மிதியை மிதித்தால் விழுதுகள் ஏறி இறங்கும். பா இரண்டாகப் பிரிந்து வாய் திறக்கும். அவ்வாயினூடே ஊடைத் தாரைச் சுமந்த ஓடம் இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஓடும். பின்னர் அச்சைத் தன்பால் இழுத்து அடித்தால் அவ்வோர் இழை துணியில் சென்று படியும். மிதி, எறி, அடி. நெசவு என்பது இம்மூன்றே. கேட்பதற்கு எளிது. யாம் முதல் நாள் முழுதும் நெய்தது ஒரு சாண் நீளம். அதுவும் இருபுறக் கரையும் உள்வாங்கி, நடுவில் இடுப்புச் சிறுத்த துணியாயிற்று. ஊடையை இறுக்கி இழுத்ததே பிழை. "இழுக்காதீக ஐயா, அதைக் கொஞ்சம் சாய்ச்சு விடுங்க, அடிக்கும்போது அதுவே எடம் புடிச்சுக்கிரும்" என்றார் அவர். இழையை வில்போல் சற்று வளைத்து விட்டு அடித்தோம். கரை நேராயிற்று. முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துபவனுக்கு, இழுத்துப் பிடிப்பதற்கும் இடம் விடுவதற்கும் உள்ள வேறுபாட்டைத் தறி கற்பித்தது.

மூன்றாம் நாள் ஒரு நிலை வந்தது. காலும் கையும் கண்ணும் தாமே ஒன்றுபட்டன. ஓடத்தின் ஒலியும் அச்சின் ஒலியும் மாறி மாறி ஒரு தாளக்கட்டில் அமைந்தன. எண்ணம் வெளியே ஓடவில்லை. கைப்பேசி நினைவில் இல்லை. கண்மூடி அமர்ந்தும் எமக்குக் கைகூடாத ஊழ்கம் கண்திறந்து அமர்ந்த தறியில் கைகூடிற்று. அதனினும் பெரிது ஒன்றுண்டு. பள்ளியில் நாம் செய்யும் பணியின் பயன் பத்தாண்டு கழித்தே தெரியும். சில வேளை தெரியாமலே போகும். தறியிலோ, அடித்த அடிக்கு ஓர் இழை கண்முன் வளர்கின்றது. மாலையில் படைமரத்தில் சுருண்டு கிடக்கும் துணியைத் தடவிப் பார்க்கும்போது, 'இது இன்று காலை இல்லை, இப்போது இருக்கின்றது, என் கையால் இருக்கின்றது' என்னும் உணர்வு உண்டாகின்றது. விலை கொடுத்து வாங்கும் எப்பொருளும் அவ்வுணர்வைத் தருவதில்லை.

அறிவுக்கும் அதில் தீனி உண்டு. அங்குலத்திற்கு 40 இழை வீதம் 27 அங்குல அகலத்தில் ஒரு துண்டு நெய்ய 1080 பாவிழைகள் வேண்டும். ஒவ்வோரிழையும் விழுதின் கண்ணிலும் அச்சின் பல்லிலும் நுழைந்து வர வேண்டும். ஓரிழை இடம் மாறினும் துணி முழுதும் அத்தடம் காட்டும். 40-ஆம் எண் நூல் என்றால் என்ன? ஒரு கழி நூல் 840 கசம் நீளம். அத்தகைய கழிகள் நாற்பது சேர்ந்து ஒரு பவுண்டு நிறை இருக்குமாயின் அது 40-ஆம் எண். அஃதாவது ஒரு பவுண்டுப் பஞ்சு 33,600 கச நீளமாக நீண்டு கிடக்கின்றது! எண் கூடக் கூட இழை நுண்மையாகும். கணக்கு வராது என்று அழும் பிள்ளையைத் தறியருகே அமர்த்துங்கள். பெருக்கலும் வகுத்தலும் விரலில் ஏறும். இற்றை உலகை ஆளும் கணினிக்குங்கூடத் தறியோடு உறவுண்டு. பிரெஞ்சு நாட்டு யக்கார்டு, துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பூவேலை நெய்யும் கருவியை 1804-இல் அமைத்தார். ஆங்கிலரான பாபேசு தம் கணிப்புப் பொறிக்கு அவ்வட்டை முறையைத்தான் மேற்கொண்டார்.

நான்காம் நாள் மாலை எம் துண்டு முடிந்தது. அறுத்து எம் தோளில் இட்ட அந்நெசவாளர், எம்மை நேராக நோக்கி ஒன்று கேட்டார்: "நாலு நாளு ஆச்சு ஒங்களுக்கு. இனிமே துண்டு வாங்கப் போற எடத்துல வெல கொறைச்சுக் கேப்பீகளா, ஐயா?"

எமக்கு விடையில்லை. பிறகு அவரே தொடர்ந்தார்: "ஒங்களுக்கு இது இன்பம். எனக்கு இது சோறு. என் மகன் தறிக்கு வரலை. வர வேண்டாம்னு நானே சொல்லிட்டேன்."

தமிழர்களே, இவ்விடத்தில் நாம் நேர்மையாக நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். நெய்பவன் பசித்திருக்கும் நாட்டில் நெசவின் இன்பத்தைப் பேசுவது முறையா? வயிறு நிறைந்தவனின் விளையாட்டன்றோ அது? இவ்வினாவை எவரேனும் எழுப்பின், யாம் அவரைச் சினவோம். அதில் உண்மை இருக்கின்றது. 2019-20-இல் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்திய ஒன்றியத்தில் கைத்தறியையும் அதன் துணைத்தொழில்களையும் நம்பி வாழ்வோர் 35.22 இலக்கம் பேர். அவருள் பெரும்பாலோர் பெண்டிர். கைத்தறிக்கென்று சில துணி வகைகளை ஒதுக்கும் சட்டம் 1985-இல் இயற்றப்பட்டது. முதலில் 22 வகைகள் என்றிருந்தது பின்னர் 11 வகைகளாகச் சுருங்கியது. அவ்வொதுக்கீட்டையும் மீறி விசைத்தறித் துணி கைத்தறி என்ற பெயரோடு கடைத்தெருவில் விலைபோகின்றது. 2015 முதல் ஆகசுட்டு 7-ஐத் தேசியக் கைத்தறி நாள் என்று கொண்டாடுகின்றனர். அதன் முதல் விழா நம் சென்னையில்தான் நடந்தது. ஐந்தாண்டு கழிந்து 2020 சூலையில் அனைத்திந்தியக் கைத்தறி வாரியத்தையே தில்லி அரசு கலைத்துவிட்டது. விழா எடுக்கும் கையும் கலைக்கும் கையும் ஒன்றாக இருக்கின்றன.

ஆயினும் அம்முதியவரின் வினாவுக்குள்ளேயே அதற்கான விடையும் இருக்கின்றது. நான்கு நாள் தறியில் அமர்ந்தவன் இனி ஒருபோதும் துண்டுக்கு விலை குறைத்துக் கேட்க மாட்டான். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று சொல்லி அவனை ஏய்க்கவும் இயலாது. கரையைப் பார்த்தும் இழையைத் தொட்டும் வேறுபாடு காண்பான். இசை பயின்றவர் பெருகிய ஊரில்தான் இசைவாணன் பிழைப்பான். அதுபோல நெசவு பயின்றவர் பெருகிய நாட்டில்தான் நெசவாளன் உரிய விலை பெறுவான். நாம் இன்பத்திற்காக நெய்வது அவன் சோற்றைப் பறிப்பதற்கன்று. அவன் உழைப்பின் அளவை நம் உடம்பால் அறிவதற்கு. அவ்வறிவு இல்லாத இரக்கம் இரு நாளில் மறையும்.

பிற நாடுகளைப் பாருங்கள். கொழும்பில் பிறந்த தமிழர் முத்துக்குமாரசாமியின் மகனார் ஆனந்த குமாரசாமி கைவினைகளின் மேன்மையை உலகுக்கு எடுத்துரைத்த அறிஞர். அவரை மணந்து 1903 முதல் சில ஆண்டுகள் ஈழத்தில் வாழ்ந்து அந்நாட்டுக் கைவினைகளைப் பயின்ற எத்தல் என்னும் ஆங்கிலப் பெண்மணி, பின்னாளில் எத்தல் மேரட்டு என்னும் பெயரில் இங்கிலாந்தின் கைநெசவு மறுமலர்ச்சிக்கே முன்னோடியானார். செடிகொடிச் சாயங்களைப் பற்றி 1916-இல் அவர் எழுதிய நூலைக் கைநெசவர் இன்றும் பயில்கின்றனர். யப்பானில் மிசாவோ சோ என்னும் அம்மையார் தம் 57-ஆம் அகவையில் தறியில் அமர்ந்தார். அவர் நெய்த துணியில் ஒரு பாவிழை விடுபட்டிருந்தது. குறையுள்ள துணி என்று ஒருவர் தள்ளினார். அம்மையாரோ அவ்விடுபாட்டில் ஓர் அழகைக் கண்டு, வேண்டுமென்றே இன்னும் சில இழைகளை விட்டு நெய்தார். பொறி செய்ய முடியாததைக் கை செய்யும் என்பதே அவர் கண்ட உண்மை. அதிலிருந்து 'சாவோரி' என்னும் நெசவு இயக்கமே பிறந்தது. அமெரிக்காவில் கைநெசவருக்கென்று 1969-இல் ஒரு கழகம் தோன்றியது. அங்கெல்லாம் எந்தக் குலத்தான் நெய்ய வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. கலைக்குக் குலமில்லை, நாம்தாம் அதற்குக் குலம் கற்பித்தோம்.

நம் கரிசற் காட்டு மக்களின் கைகளை எண்ணிப் பாருங்கள். மல்லாங்கிணற்றைச் சூழ்ந்த இம்மண் பருத்தி விளைந்த மண். கருங்கண்ணி என்னும் நம் நாட்டுப் பருத்தி இத்தென்கரிசலில்தான் வெடித்துச் சிரித்தது. இதன் தென்மேற்கே சிவகாசி. தீப்பெட்டி ஒட்டியும் வெடிக்குத் திரி செருகியும் எத்துணைக் கைகள் நாள்தோறும் ஓடுகின்றன! எண்ணிக்கைக்குக் கூலி; எனவே விரைவுக்கே மதிப்பு. ஒட்டியவள் தான் ஒட்டியதை மீண்டும் பார்ப்பதில்லை. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் முப்பதின்மருக்கு மேல் தீயில் மாண்டனர்; அதன் பின்னும் அத்தகைய நேர்ச்சிகள் நின்றபாடில்லை. இக்கைகள் பிறர்க்காகவே ஓடி ஓய்கின்றன. தமக்கென ஒன்றை ஆற அமர ஆக்கிப் பார்க்கும் இன்பம் அக்கைகளுக்கு வேண்டாவா? உழைப்பாளிக்குக் கூலி உயர்வு வேண்டும், பாதுகாப்பு வேண்டும், ஓய்வும் வேண்டும், அவ்வோய்வில் தன் கையின் திறத்தைத் தானே கண்டு மகிழும் வாய்ப்பும் வேண்டும். அது செல்வர்க்கு மட்டும் உரியதென்று யார் வகுத்தது?

மொழியின் பக்கம் வருவோம். நெசவுக் கல்வி தரும் கூடங்களில் 'வார்ப்', 'வெஃப்ட்', 'ரீடு', 'ஷட்டில்' என்றே பேசுகின்றனர். பாவு, ஊடை, அச்சு, ஓடம் என்னும் சொற்கள் குழித்தறியில் அமர்ந்த முதியோர் நாவில் மட்டும் எஞ்சியுள்ளன. ஆலின் விழுதுபோல் தொங்குவதால் விழுது. காலால் மிதிப்பதால் மிதி. பாவை ஆற்றிச் சீவுவதால் பாவாற்றி. எவ்வளவு தெளிவான ஆக்கம்! கலைச்சொல் இல்லை, கலைச்சொல் இல்லை என்று அரற்றுவோர், ஒரு தறிக்கூடத்தின் வாயிலில் ஒரு நாழிகை நின்று கேட்கட்டும். அகரமுதலி தொகுப்போர்க்குக் கிடைக்காத சொற்களும் அங்குக் கிடைக்கும். தறி ஒன்று நிற்கும்போது அதனோடு ஐம்பது தமிழ்ச் சொற்களும் நின்று போகின்றன. தறியை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் காப்பாற்ற முடியாது. பொருள் வாழ்ந்தால்தான் சொல் வாழும்.

எனவே, நம் இயக்கத் தோழர்கள்முன் சில பணிகளை வைக்கின்றோம்.

ஒன்று: வீட்டில் ஒரு சட்டத்தறி அமையுங்கள். இதற்குப் பெருஞ்செலவில்லை. நான்கு மரச்சட்டங்களை நாற்கோணமாக இணையுங்கள். மேற்சட்டத்திலும் கீழ்ச்சட்டத்திலும் ஒத்த இடைவெளியில் சிற்றாணிகள் அறையுங்கள். ஆணிக்கு ஆணி நூலை மேலும் கீழுமாக ஓட்டினால் அதுவே பா. தட்டைக் குச்சி ஒன்றில் ஊடையைச் சுற்றி, ஓரிழை மேல் ஓரிழை கீழாக நுழைத்து, சீப்பினால் அடித்து வாருங்கள். பத்து அகவைப் பிள்ளை ஒரு விடுமுறையில் சிறு விரிப்பொன்றை நெய்துவிடும். மகனும் நெய்யட்டும், மகளும் நெய்யட்டும்.

இரண்டு: உங்கள் ஊரை அடுத்த நெசவாளர் தெருவுக்குச் செல்லுங்கள். கேட்கும் தறிச் சொற்களை, அவை வழங்கும் ஊர்ப்பெயரோடு குறித்து இவ்விதழுக்கு விடுத்து வையுங்கள். தொடர்ந்து வெளியிடுவோம்.

மூன்று: ஆண்டுக்கு ஒரு வேட்டியேனும் ஒரு சேலையேனும் நெய்தவரிடமோ கைத்தறிக் கூட்டுறவுக் கழகத்திலோ வாங்குங்கள். விலை குறைத்துக் கேளாதீர்கள்.

நான்கு: 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஏட்டளவில் நிறுத்தாது நடைமுறைப்படுத்துமாறும், பள்ளிகளில் கைநெசவை விருப்பப் பாடமாக வைக்குமாறும் அரசை வலியுறுத்துங்கள். விருப்பப் பாடமாகவே என்க, திணிப்பாக அன்று. எக்குலத்துப் பிள்ளையும் வந்து அமரலாம், எக்குலத்துப் பிள்ளையும் எழுந்து போகலாம் என்னும் நிலை இருந்தால்தான் அது கலை. இல்லையேல் அது தளை.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாளில், எம் கையால் நெய்த, கரை கோணிய அத்துண்டைத் தோளில் இட்டே வகுப்புக்குச் சென்றோம். அம்மாணவனை அழைத்துக் காட்டினோம். அவன் வாங்கி, இழையைத் தடவி, ஒளியில் பிடித்துப் பார்த்து, "இந்த எடத்துல ஊடையை இழுத்துட்டீங்கய்யா" என்று பிழையைச் சுட்டிக் காட்டினான். இம்முறை அவன் தலை நிமிர்ந்திருந்தது. வகுப்பே அவனைச் சூழ்ந்து நின்று, தனக்கும் கற்றுத் தருமாறு கேட்டது.

அத்தலை நிமிர்வே நாம் வேண்டுவது. கரை கோணலாயினும் ஆகுக. நெய்யத் தொடங்குவோம், வாருங்கள்!